நீல வானமும் அண்ணியின் கண்ணும்

என் அண்ணியை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மேலிடம்’ என்பார்கள். அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டிக்கொண்டிருக்கும் மாடிகளுக்கெல்லாம் மேலே, ஒரே ஓர் ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கேபினில் காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே கலவை தயாராகி, தூக்கிக் கொடுக்கக் கொக்கி வராமல் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், “மேலிடத்துலேர்ந்து இன்னும் உத்தரவு வரல” என்று சிரிப்பார்கள். அண்ணிக்கு அந்தப் பட்டப்பெயரில் உள்ளூரப் பெருமைதான். வீட்டில் அண்ணன் எதற்காவது அனுமதி கேட்டால், “மேலிடத்தைக் கலந்துக்கிட்டுச் சொல்றேன்” என்று கண்ணை மூடி ஒரு நிமிடம் தன்னைத்தானே கலந்துகொள்வார்.

நான் அவருக்கு நாத்தனார். ஒரே கட்டடத்தில் அவர்கள் மூன்றாம் மாடி, நான் முதல் மாடி. தண்ணீர் வரவில்லை, மின்சாரம் வரவில்லை என்று போன் செய்கிறவர்களிடம் பேசுவது என் வேலை. பொறுமை எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிடுவதால் வீட்டுக்கு வரும்போது என்னிடம் ஒரு சொட்டும் மிச்சமிருக்காது. அண்ணிக்கும் சுற்றிவளைத்துப் பேச வராது. அதனால்தானோ என்னவோ, எங்கள் இருவருக்கும் இத்தனை வருடமாக நன்றாகவே ஒத்துப்போகிறது.

அப்படிப்பட்டவர் திடீரென்று முதுகுவலி என்று லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பேக்கரியில் வேலை செய்கிறவன். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டப் போய்விடுவான், மாவோடு மாவாகத் திரும்பி வருவான். பெண்டாட்டிக்கு முதுகுவலி என்றால் முதுகுவலி, அவ்வளவுதான் அவனுக்கு. தைலம் வாங்கி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான். நான் ஒரு நாள் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனபோது முதுகுவலிக்காரர் நிறைந்த தண்ணீர் கேனை ஒற்றைக் கையால் தூக்கி மேடைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

“நல்ல முதுகுவலி அண்ணி இது. எனக்கும் இருந்தா நல்லாருக்கும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கேனைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, “எனக்குக் கண்ணு போகுதுடி” என்றார்.

உட்காரவைத்து, துருவித் துருவிக் கேட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

நடந்தது இதுதான். அண்ணி புது சைட்டுக்கு மாறியிருந்தார். பழைய கிரேனின் கேபின் கண்ணாடியில் வெயிலுக்காகப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. சுற்றிலும் வேறு கட்டடங்களும் இருந்தன. இந்தப் புதுக் கேபினில் நான்கு பக்கமும் தலைக்கு மேலும் சுத்தமான கண்ணாடி. சுற்றுவட்டாரத்தில் அதைவிட உயரமாக எதுவும் இல்லை. மழைக்காலம் முடிந்து வானம் துடைத்துவைத்தது போல் நீலமாக இருந்த நேரம். ஏணியில் ஏறி உட்கார்ந்து, கொக்கி தொங்கும் இரும்புக் கயிற்றை அண்ணாந்து பார்த்தபோது, அதைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைப் பொறிகள் பறப்பதைக் கண்டார். ஒவ்வொன்றும் வளைந்து வளைந்து ஓடி, சட்டென்று காணாமல் போயிற்று. உடனே அதே இடத்தில் இன்னொன்று.

நீங்களும் நானுமாக இருந்தால் பூச்சி என்று நினைத்திருப்போம். கிரேன் ஓட்டுகிறவர் அப்படி நினைக்க மாட்டார். அந்தக் கயிறு நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. உள்ளே கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தால் பிசிறு தெறிக்கும், வெயிலில் மின்னும். கயிறு தேய்கிறது, தூள் தெறிக்கிறது என்று அண்ணி முடிவுகட்டிவிட்டார். வாக்கி-டாக்கியில் வேலையை நிறுத்தச் சொன்னார். லோடைக் கீழே இறக்கினார். சைட் முழுக்க நின்றது.

சேஃப்டி ஆபீசர் ஓடி வந்தார். தலை நரைத்த மனிதர், குரல் மட்டும் நரைக்கவே இல்லை. பழந்துணியைக் கயிற்றில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கயிற்றை மெதுவாக ஓடவிடச் சொன்னார். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணி மாட்டிக் கிழியும். அந்தத் துணி கிழியவே இல்லை. சரி, எச்சரிக்கையாக இருந்தது நல்லதுதான் என்று விட்டுவிட்டார். இரண்டாம் முறையும் அண்ணி நிறுத்தியபோது, மறுபடி துணி, மறுபடி ஒன்றுமில்லை. கலவை இறுகிப்போய் வண்டியோடு திருப்பி அனுப்பவேண்டியதாயிற்று. ஆபீசருக்குப் பொறுமை போய்விட்டது.

“கயிறு நல்லாதாம்மா இருக்கு! உன் கண்ணைப் போய்ப் பாரு!” என்று வாக்கியில் கத்தினார். சைட்டில் எல்லாருடைய இடுப்பிலும் அது கேட்டது.

அவர் ஆத்திரத்தில் சொன்னதை அண்ணி அப்படியே எடுத்துக்கொண்டார். கயிற்றை விட்டுவிட்டு, கயிறே இல்லாத வெறும் வானத்தைப் பார்த்தார். அங்கேயும் பொறி பறந்தது. கீழே சிமெண்ட் சுவரைப் பார்த்தார், ஒன்றுமில்லை. மறுபடி வானம், மறுபடி பொறி. கயிற்றில் இல்லை, தன்னிடம்தான் இருக்கிறது என்று புரிந்ததும் கேபின் கதவைப் பூட்டிவிட்டு இறங்கி வந்தவர்தான். கீழே வந்து ‘முதுகுவலி’ என்று சொல்லிவிட்டார்.

“டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?” என்றேன்.

“போனா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்க அப்பாவைப் பாத்தவதானே நான்.”

அண்ணியின் அப்பாவுக்குச் சர்க்கரை. அது விழித்திரையின் ரத்தக்குழாய்களைத் தின்றுவிட்டது. அவர் யாரிடமும் சொல்லாமல், டம்ளருக்கு வெளியே தேநீரை ஊற்றும் வரைக்கும் மறைத்தார். அதற்குப் பிறகு கடைசி வரை கையைப் பிடித்து அழைத்துப்போனது, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் அண்ணி. இப்போது அண்ணிக்கும் சர்க்கரை வந்து சில வருடம் ஆகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், கண்ணைக் காட்டு என்று சொன்னால் மட்டும் ஏதாவது வேலை வந்துவிடும்.

“கண்ணு போனா போகட்டும்டி, நீங்கள்லாம் இருக்கீங்க. நான் பாட்டுக்கு ஒரு டன் கம்பியைத் தூக்கி ஜனங்க தலைக்கு மேல ஆட்டிக்கிட்டு இருக்கேன். எது நிஜம், எது கண்ணுன்னு தெரியாம எப்படி ஓட்டுவேன்? அதான் இறங்கிட்டேன்” என்றார். அந்த வேலைக்கு வருவதற்கு அவர் எத்தனை பேரிடம் எத்தனை பேச்சு வாங்கினார் என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு எதற்கு கிரேன் என்று என் அம்மாவே கேட்டிருக்கிறாள். அதை யாரும் சொல்லாமல் தானே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதை நினைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அவர் திட்டுவார் என்பதால் நான் முந்திக்கொண்டு திட்டினேன். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கண் ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் எல்லாரும் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மருந்தில் கண்மணி விரிந்து பார்வை மங்க, அண்ணி எதிரே இருந்த நாற்காலியைக்கூடத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். உள்ளே விழித்திரை டாக்டர் அம்மா பொறுமையாக, பளீரென்ற விளக்கால் இரண்டு கண்ணையும் மூலைமுடுக்கு விடாமல் பார்த்தார். எப்போது தெரிகிறது, எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தவர், “நீல வானத்தைப் பாத்தா மட்டுமா?” என்றார். அண்ணி தலையாட்டியதும் டாக்டர் முகத்தில் ஏதோ மாறியது. அலமாரியிலிருந்து ஒரு கருவியை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். எட்டிப் பார்த்தால் உள்ளே பளிச்சென்ற நீல வெளிச்சம், வேறொன்றும் இல்லை.

அண்ணி பார்த்தார். “இதேதான் டாக்டர். இதேதான் ஓடுது” என்றார்.

“சரி. இப்ப உங்க நாத்தனார் பார்க்கட்டும்.”

எனக்கு எதற்கு என்று முணுமுணுத்தபடி எட்டிப் பார்த்தேன். முதலில் வெறும் நீலம். அசையாமல் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஒன்று ஓடியது. பிறகு பத்து. பிறகு கொத்துக் கொத்தாக, வளைந்து நெளிந்து, சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள்.

“ஐயையோ! டாக்டர், எனக்கும் போச்சு!” என்று கத்திவிட்டேன். வெளியே கூடத்தில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கதவைப் பார்த்தார்களாம்.

டாக்டர் சிரித்தார். “அப்போ எனக்கும் போச்சு. அதோ, அந்த நர்ஸம்மாவுக்கும் போச்சு. இது எல்லாருக்கும் இருக்கறதும்மா. அது உங்க ரத்தம் ஓடறது.”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். விழித்திரைக்கு முன்னால் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் வலையாகப் படர்ந்திருக்கின்றன. அதற்குள் ஓடும் சிவப்பு அணுக்கள் நீல வெளிச்சத்தைக் குடித்துவிடும். அதனால் அங்கே ஒரு நிழல் விழும். அந்த நிழல் எப்போதும் இருப்பதால் மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. நடுவில் எப்போதாவது ஒரு வெள்ளை அணு வரும். அது நீலத்தை விட்டுவிடும். அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் புகுந்து, ஒரு புள்ளி ஓடுவதுபோலத் தெரியும். பார்வையின் நட்டநடுவில் ரத்தக்குழாய் கிடையாது. அங்கே புள்ளியும் வராது.

“ஏணி ஏறி முடிச்சதும் புள்ளிங்க துடிச்சுத் துடிச்சு ஓடுதே?” என்றார் அண்ணி.

“அது உங்க நாடித் துடிப்பு. அதோட தாளத்துக்குத்தான் ஓடும். ஆனா பாருங்க, நீங்க அவ்வளவு உயரம் ஏறும்போது பிரஷர் எப்படி ஏறுது? அவ்வளவும் அப்படியே கண்ணுக்குள்ள பாய்ஞ்சா தாங்குமா? அங்க இருக்கற குழாய் உடனே தன்னைச் சுருக்கிக்கும். பிரஷர் இறங்கினா விரிச்சுக்கும். விழித்திரைக்குப் போற ரத்தம் ஏறக்குறைய ஒரே அளவாத்தான் போகும்.”

“சுருங்கு, விரின்னு யாரு சொல்றது? மூளையா?”

“இல்ல. உடம்புல மத்த இடத்து ரத்தக்குழாய்க்கெல்லாம் மூளையிலேர்ந்து நரம்பு வந்து உத்தரவு போடும். விழித்திரைக்குள்ள அந்த நரம்பு வர்றதே இல்ல, வாசலோட நின்னுடும். உள்ள அங்கங்க இருக்கறவங்க அங்கங்க முடிவு பண்ணிக்கறாங்க. எந்த இடத்துல வேலை ஜாஸ்தியோ, அந்த இடமே கேட்டு வாங்கிக்கும்.”

“அப்போ அங்க மேலிடம்னு ஒண்ணு இல்ல” என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணி என் தொடையில் கிள்ளினார். அவர் கிள்ளியதில் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் அவர் முகம் இன்னும் தெளியவில்லை.

“அப்படின்னா என் கண்ணு நல்லாருக்கா டாக்டர்?”

டாக்டர் பொய் சொல்கிற ரகம் இல்லை. “புள்ளி தெரியறதால ஒரு கெடுதலும் இல்ல. ஆனா கண்ணு நல்லாருக்கான்னு அந்தப் புள்ளி சொல்லாது. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. இப்ப பாத்த வரைக்கும் ரத்தக்கசிவு, வீக்கம் எதுவும் இல்ல. ஆனா சர்க்கரை, வெளியே தெரியறதுக்கு முன்னாடியே அந்தக் குழாய்களோட சமயோசிதத்தைக் கெடுக்க ஆரம்பிச்சுடும். வேலை கூடினா விரியணும் இல்லையா? அது விரியறது குறையும். அதைப் பாக்க இங்க ஒரு மெஷின் இருக்கு. பாத்துடலாமா?”

அண்ணி தலையாட்டினார். இருட்டறையில் அவரை உட்காரவைத்துத் தாடையைத் தாங்கியில் வைத்தார்கள். அவர் கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் படபடவென்று அணைந்து அணைந்து எரிந்தது. வெளிச்சம் அப்படி விட்டுவிட்டு அடித்தால் விழித்திரைக்கு வேலை அதிகம், அதற்கு ரத்தம் வேண்டும், குழாய் விரிந்து கொடுத்தாகவேண்டும். பக்கத்துத் திரையில் அண்ணியின் கண்ணுக்குள் இருக்கும் குழாய் சிவப்பாகத் தெரிந்தது. கீழே ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. கோடு மேலே ஏறினால் குழாய் விரிகிறது என்று அர்த்தமாம். நான் அந்தக் கோட்டையே முறைத்தேன். ஏறித் தொலை, ஏறித் தொலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அது நேராகவே போனது. எனக்கு அண்ணியின் அப்பா தேநீர் ஊற்றியதுதான் கண்முன் வந்தது. பிறகு மெதுவாக, வேண்டா வெறுப்பாக எழுந்திருப்பது போல, கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

“விரியுது. நல்லாவே விரியுது” என்றார் டாக்டர். “இன்னும் கொஞ்சம் விரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனா இது பயப்படற மாதிரி இல்ல. சர்க்கரையைப் பாத்துக்குங்க, வருஷா வருஷம் வாங்க. நீங்க தாராளமா மேல போகலாம்.”

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தாடையை அந்தத் தாங்கியிலேயே வைத்தபடி அழுதார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு ஆனந்தமாக இருந்தது, அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் வெயில் அவர் கண்ணில் ஊசியாகக் குத்த, என் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார். வழியெல்லாம் இரண்டு பேரும் பைத்தியம்போல் சிரித்தோம்.

ஆனால் டாக்டர் சொன்னால் போதுமா? சேஃப்டி ஆபீசர் கையெழுத்துப் போடாமல் யாரும் ஏணியில் கால் வைக்க முடியாது. மறுநாள் அண்ணி சைட்டுக்குக் கிளம்பியபோது, நானும் புள்ளியைப் பார்த்தவள் ஆயிற்றே, சாட்சிக்கு ஆகும் என்று கூடப் போனேன். தகரக் கொட்டகையில் ஒரு மின்விசிறிக்கு அடியில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். அண்ணி முதுகுவலி பொய் என்பதிலிருந்து தொடங்கி, ஒன்றுவிடாமல் உண்மையைச் சொல்லி, டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் நீட்டினார்.

அவர் அதை வாங்கவே இல்லை. “கண்ணுல புள்ளி ஓடுதுன்னு சொல்ற ஆளை நான் மேல அனுப்ப மாட்டேன்.”

“அது எல்லாருக்கும் ஓடறதுதான் சார். டாக்டரே சொல்லிட்டாங்க.”

“டாக்டரா வந்து லோடு தூக்கப் போறாங்க? ஆறுதலுக்கு ஆயிரம் சொல்வாங்க. அது என்னன்னு எனக்குத் தெரியும்மா. நானும் கேபின்ல உக்காந்தவன்தான்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் கையை அழுத்தினார். ஆபீசரையே உற்றுப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்.

“சார், அது நட்டநடுவுல வராது. சுத்தியும்தான் ஓடும். இல்லையா?”

ஆபீசர் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“ஏணி ஏறி உக்காந்ததும் துடிச்சுத் துடிச்சு ஓடும். சுவரைப் பாத்தா இருக்காது.”

“உனக்கு எப்படி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“வெளியே வாங்க சார்” என்றார் அண்ணி.

வெளியே வானம் அன்றும் நீலமாகத்தான் இருந்தது. கீழிருந்து கொக்கிக்குச் சைகை காட்டும் சிக்னல்காரரை அண்ணி கூப்பிட்டார். அப்படியே அண்ணாந்து, அசையாமல் பார்க்கச் சொன்னார். என்னத்தைப் பார்க்க என்று கேட்டவரிடம், பேசாமல் பாருங்க என்றார். சிக்னல்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“அட, ஆமாக்கா, ஏதோ ஓடுதே! புழு மாதிரி வெள்ளை வெள்ளையா. என்னக்கா இது?”

அந்தப் பக்கம் கம்பி சுமந்துகொண்டு போனவர்கள் சுமையை இறக்கிவிட்டு அண்ணாந்தார்கள். எனக்கும் ஓடுது, எனக்கும் ஓடுது என்று ஆளாளுக்குச் சத்தம். ஒருவர் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். நான் டாக்டரிடம் கேட்டதையெல்லாம் நானே கண்டுபிடித்தது மாதிரி சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பேச்சு பாதியில் இருக்கும்போது ஆபீசரைப் பார்த்தேன். அவர் மட்டும் மேலே பார்க்கவில்லை. அண்ணாந்து நிற்கும் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் கிடந்த கேபிள் உருளைமேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“அதுக்குத்தாம்மா நான் கேபினை விட்டு இறங்கினேன்” என்றார். “வீட்ல மூட்டுவலின்னு சொன்னேன். என் பொண்ணு அப்ப கைக்குழந்தை. கண்ணு போறதுக்குள்ள அவ முகத்தை நல்லாப் பாத்து வெச்சுக்கணும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அவளுக்கே இப்ப கல்யாணமாகி குழந்தை இருக்கு. இன்னும் போகலியே, இன்னும் போகலியேன்னு ஒவ்வொரு நாளும் நினைச்சுக்கிட்டுத்தான் எழுந்திரிக்கறேன்.” மடியில் இருந்த தொப்பியின் வாரைத் திருகினார். “யாரும் எங்கிட்ட சொல்லலியேம்மா.”

அண்ணி அவர் பக்கத்தில் உருளைமேல் உட்கார்ந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆபீசர் டாக்டர் தாளைக் கேட்டு வாங்கி, மடியிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“வாங்க சார், ஏறலாம்” என்றார் அண்ணி.

“நானா? இந்த வயசுலயா?”

“ஏணி அங்கயேதான் சார் இருக்கு. மெதுவா வாங்க.”

ஆபீசர் தொப்பியைத் தலையில் போட்டு வாரை இறுக்கினார். அண்ணி முன்னால், அவர் பின்னால். ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கி, வானத்தைப் பார்த்து, மறுபடி ஏறினார். கீழே சிக்னல்காரர் லோடைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெகுநேரம் காத்திருந்தார். அன்று முதல் லோடு எழும்பியபோது ஒரு ஆள் உட்காரவேண்டிய கேபினில் இரண்டு தலை தெரிந்தது. அது விதிக்கு விரோதம். ஆனால் அதைப் பார்த்துத் தடுக்கவேண்டியவர்தான் அங்கே மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தார்.